மூட்டை கட்டும் மெசின் வந்த பிறகு: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் தொழிற்பயிற்சி பற்றி நாலு வரியில் ஒரு பதில் எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பெரும்பங்கு ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: மெசின் வந்து வேலை போகிறது, வேறு வேலை பழக நம் இலங்கை அரசாங்கம் பணம் தருமா? ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்கு எடுத்து வைத்துவிட்டு இந்த முறை இதை மட்டும் பேசுவோம். எழுதியவர்கள் பலர் இன்னும் அந்தந்த இடங்களிலேயே வேலையில் இருக்கிறார்கள் என்பதால் ஊர்ப் பெயர் மட்டும் போடுகிறேன், எல்லாம் நம் திருகோணமலை மாவட்டத்து ஊர்கள்.

கேள்வி: அண்ணா, எனக்கு வயது 43. ஒரு பெரிய அரிசி ஆலையில் 11 வருடமாக வேலை. மூட்டையை நிறுத்து, வாய் தைத்து, அடுக்குவதுதான் எங்கள் பகுதி. இப்போது தானாக நிறுத்துத் தைக்கிற மெசின் ஒன்றைக் கொண்டுவந்து பூட்டிவிட்டார்கள். எங்கள் பகுதியில் இருக்கிற 9 பேரில் 2 பேர் போதுமாம். ஆறு இலட்சம் தருகிறோம், 'சுய விருப்பத்தில் விலகுகிறேன்' என்ற கடிதத்தில் கையெழுத்து வையுங்கள் என்கிறார்கள். ஓவர்டைம் இல்லாமல் மாதம் 60,000 ரூபா எடுக்கிறேன். சிங்கப்பூரில் இருக்கிற மச்சான் சொல்கிறான், அங்கே அரசாங்கமே காசு கொடுத்துப் புது வேலை படிப்பிக்குமாம். இங்கேயும் அப்படி ஏதும் இருக்கிறதா?
தம்பலகாமம் வாசகர்

பதில்: தம்பி, முதலில் அந்தக் கடிதத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். பயிற்சி, சிங்கப்பூர் எல்லாவற்றையும் அப்புறம் பேசுவோம்.

ஆட்களை வேலையிலிருந்து நிறுத்துவது பற்றி 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற தனியார் வேலைத்தலத்தில், கடந்த 12 மாதத்தில் 180 நாளாவது வேலை செய்த ஒருவரை, அவர் மேல் ஒழுக்கக் குற்றம் எதுவும் இல்லாதபோது நிறுத்துவதென்றால் முதலாளிக்கு இரண்டே வழிதான். ஒன்று, அந்த ஆள் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். இல்லாவிட்டால் தொழில் ஆணையாளர் நாயகத்திடம் முன்கூட்டியே எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். ஆட்குறைப்பு இந்தச் சட்டத்துக்குள்தான் வருகிறது. உங்களிடம் நீட்டிய கடிதம் அந்த முதலாவது வழி. நீங்கள் கையெழுத்து வைத்துவிட்டால் அவர்கள் ஆணையாளரிடம் போகத் தேவையே இல்லை, ஆறு இலட்சத்தோடு கணக்கு முடிந்தது.

ஆணையாளர் வழியாகப் போனால் நட்டஈட்டுக்கு வர்த்தமானியில் போட்ட ஒரு கணக்கு இருக்கிறது. முதல் 5 வருடத்துக்கு வருடம் ஒன்றுக்கு இரண்டரை மாதச் சம்பளம், 6 ஆம் வருடத்திலிருந்து 14 ஆம் வருடம் வரை வருடம் ஒன்றுக்கு இரண்டு மாதச் சம்பளம், அதற்கு மேல் படிப்படியாகக் குறையும். எவ்வளவு வந்தாலும் 25 இலட்சத்துக்கு மேல் போகாது (2021 வரைக்கும் இந்த உச்சவரம்பு பன்னிரண்டரை இலட்சமாக இருந்தது). உங்களுடைய 11 வருடத்துக்கு முதல் ஐந்துக்குப் பன்னிரண்டரை மாதம், மிச்ச ஆறுக்குப் பன்னிரண்டு மாதம், ஆக இருபத்து நாலரை மாதச் சம்பளம். 60,000 ஆல் பெருக்கிப் பாருங்கள், 14 இலட்சத்து 70 ஆயிரம் வருகிறது. அதோடு 1983 ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டப்படி வருடம் ஒன்றுக்கு அரை மாதச் சம்பளம் தனியாக வர வேண்டும். 5 வருடம் முடித்த யாருக்கும் அது உரிமை, வேலை முடிந்து 30 நாளுக்குள் கட்ட வேண்டும். உங்களுக்கு அது 3 இலட்சத்து 30 ஆயிரம் அளவில். நீங்கள் சொன்ன ஆறு இலட்சத்துக்குள் இந்தப் பணிக்கொடையையும் அடக்கிப் பேசுகிறார்களா என்று கேளுங்கள். பல இடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள், கடிதத்தில் ஒரே தொகையாகப் போட்டிருப்பதால் ஆட்களுக்குப் பிடிபடுவதில்லை.

இதையெல்லாம் ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நீங்கள் கேட்ட கேள்விக்கு நேர் பதில் கசப்பானது. இயந்திரத்தால் வேலை இழந்தவர்களை வேறு தொழிலுக்குப் பழக்குவதற்கென்று தனி நிதி நம் நாட்டில் இல்லை. வேலையில்லாக் காலத்துக் காப்பீடும் இல்லை. ஆகவே உங்கள் நட்டஈடுதான் உங்களுடைய பயிற்சி நிதி. அதில் எட்டு இலட்சத்தை விட்டுக்கொடுத்துவிட்டு அரசாங்கத்திடம் எட்டாயிரம் கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது.

மச்சான் சொன்னது உண்மை. சிங்கப்பூரில் 25 வயது தாண்டிய குடிமக்களுக்கு 2016 முதல் ஆளுக்கு 500 டொலர் பயிற்சிக் கணக்கில் போட்டார்கள், 2024 மே மாதம் 40 வயது தாண்டியவர்களுக்கு இன்னும் 4,000 டொலர் சேர்த்தார்கள். ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது அது இல்லை. 2025 முதல், 40 தாண்டிய ஒருவர் முழுநேரமாகப் படிக்கப் போனால் அவர் முன்பு எடுத்த சம்பளத்தில் பாதியை, மாதம் 3,000 டொலர் வரைக்கும், மொத்தம் 24 மாதத்துக்குக் கொடுக்கிறார்கள். அதாவது படிக்கிற காலத்தில் வீட்டில் அடுப்பு எரிவதற்குப் பணம். (இது குடியுரிமை உள்ளவர்களுக்கு. மச்சான் வேலை அனுமதியில் போனவர் என்றால் அவருக்கும் கிடையாது.)

நம் நாட்டில் பயிற்சிக் கட்டணம் பெரிய தடை இல்லை. திருகோணமலையில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது, தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்கள் இருக்கின்றன, நைட்டா என்று நாம் சொல்கிற தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை இருக்கிறது. அரச நிலையங்களில் பல பயிற்சிகள் இலவசம் அல்லது சின்னக் கட்டணம். இது அரசாங்கம் போடுகிற பணம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அமைப்பு முழுக்க பாடசாலை விட்டு வந்த பிள்ளைகளை மனத்தில் வைத்துக் கட்டியது. 19 வயதுப் பிள்ளைக்கு அம்மா சோறு போடுவார். 43 வயதில் இரண்டு பிள்ளைகளும் ஒரு சீட்டுக் காசும் லீசிங் காசும் இருக்கிற மனிதனுக்கு ஆறு மாதம் யார் சோறு போடுவது? நான் பயிற்சி ஆசிரியராக இருந்த காலத்தில் எத்தனையோ பேர் இரண்டாம் மாதத்தோடு நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன். பாடம் விளங்காமல் நின்றவர்கள் அதில் குறைவு. கடனுக்குப் பயந்து ஓட்டோ ஓட்டப் போனார்கள், மேசனுக்குக் கையாளாகப் போனார்கள். அதனால் நட்டஈடு கைக்கு வந்ததும் ஆறு மாத வீட்டுச் செலவைத் தனிப் புத்தகத்தில் போட்டுவிடுங்கள். அதற்குப் பிறகுதான் தங்கச்சியின் கல்யாணம், கூரை வேலை எல்லாம்.

இன்னொன்று. அந்த மெசினை யார் பார்க்கப் போகிறார்கள்? காற்றழுத்தத்தில் வேலை செய்கிற பிஸ்டன், எடை பார்க்கிற சென்சர், தையல் தலை, இவை மாதம் ஒரு முறையாவது மக்கர் பண்ணும். ஒவ்வொரு தடவையும் கொழும்பிலிருந்து ஆள் வரும்வரை ஆலை நிற்க வேண்டும். அந்தப் பராமரிப்பைப் படிப்பிக்கச் சொல்லி, உங்களில் இரண்டு மூன்று பேரை மெசின் கொடுத்த கம்பனியிடம் அனுப்பும்படி இப்போதே, ஒன்பது பேரும் உள்ளே இருக்கும்போதே, எழுத்தில் கேளுங்கள். வெளியே வந்த பிறகு கேட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

கேள்வி: நான் 18 வருடமாக வயரிங் வேலை செய்கிறேன். சான்றிதழ் ஒன்றும் இல்லை. இப்போது ஹோட்டல் வேலைக்குப் போனால் என்.வி.கியூ (தேசிய தொழிற் தகைமை) இருக்கிறதா என்று கேட்கிறார்கள். இந்த வயதில் சின்னப் பையன்களோடு உட்கார்ந்து முதலிலிருந்து படிக்க வேண்டுமா?
கிண்ணியா வாசகர்

பதில்: வேண்டாம். முன்கற்றலை அங்கீகரித்தல் என்று ஒரு வழி இருக்கிறது, ஆங்கிலச் சுருக்கத்தில் ஆர்.பி.எல் என்பார்கள். நைட்டாவிலும் தொழிற்பயிற்சி அதிகாரசபையிலும் விசாரிக்கலாம். நீங்கள் இதுவரை செய்த வேலைகளின் படங்கள், வேலை வாங்கியவர்களின் கடிதங்கள், பில், எல்லாவற்றையும் ஒரு கோவையாகச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பிறகு மதிப்பீட்டாளர் வந்து வேலையைச் செய்யச் சொல்லிப் பார்ப்பார், கேள்வி கேட்பார். தேறினால் படிப்பே இல்லாமல் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் கிடைக்கும், வகுப்பில் படித்து எடுத்தவரின் சான்றிதழுக்கும் அதற்கும் மதிப்பில் வித்தியாசம் கிடையாது.

உங்களுக்கு ஒரு வேலை மட்டும் இருக்கிறது. 18 வருடம் கையால் செய்ததை வாயால் சொல்லிப் பழகுங்கள். எர்த் ஏன் போடுகிறோம், இந்த லோட்டுக்கு ஏன் இந்த வயர், என்று மகனுக்கோ மகளுக்கோ சொல்லிக்கொடுப்பது போல ஒரு வாரம் சொல்லிப் பாருங்கள். கெட்டிக்கார வேலைக்காரர்கள் சிலர் மதிப்பீட்டில் தடுமாறுவது இந்த இடத்தில்தான், கை ஓடும், பேச்சு வராது.

கேள்வி: முன்பெல்லாம் வேளாண்மை வெட்டுக் காலம் வந்தால் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து ஒரு கண்டம் விடாமல் வெட்டுவோம். இரண்டு மாதக் கூலியில் பிள்ளைகளின் கொப்பி, சப்பாத்து, அடைமானத்தில் இருக்கிற தோடு எல்லாம் அதில்தான். இப்போது வெட்டு மெசின் ஒரு ஏக்கரை ஒரு மணித்தியாலத்தில் முடித்துவிட்டுப் போகிறது. மெசின் இறங்காத சேற்று மூலைகளை மட்டும் வெட்ட எங்களைக் கூப்பிடுகிறார்கள். எங்களுக்கு நட்டஈடு, பயிற்சி ஏதாவது உண்டா?
மூதூரிலிருந்து ஒரு அக்கா

பதில்: அக்கா, உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். மேலே தம்பலகாமம் தம்பிக்குச் சொன்ன ஒரு சட்டமும் உங்களுக்குப் பொருந்தாது. உங்களுக்கு நியமனக் கடிதம் தந்த முதலாளி என்று ஒருவர் இல்லை, வருடத்தில் 180 நாள் இல்லை, சேமலாப நிதி இல்லை. வேலை போனதற்குக் கூட ஒரு திகதி இல்லை. ஒரு போகத்தில் பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டார்கள், அடுத்த போகத்தில் ஆறு பேர், பிறகு சேற்று மூலை. இப்படிப் போன வேலையை எந்த அலுவலகத்திலும் பதிய முடியாது. இயந்திரத்தால் வேலை இழப்பு என்றதும் எல்லாரும் தொழிற்சாலையையும் வங்கிக் கவுண்டரையும்தான் நினைக்கிறார்கள். நம் மாவட்டத்தில் அது முதலில் நடந்த இடம் வயல். அதிலும் பெண்களின் கூலி.

மெசின் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்லவில்லை. மழை வருவதற்கு முன் வெட்டி எடுக்க முடியாமல் முளைத்துப்போன நெல்லை நாம் பார்த்திருக்கிறோம். கிண்ணியாவில் 2009 இல் பாலம் திறந்தபோது பாதை (ஆட்களை அக்கரை சேர்க்கிற மிதவை) நின்றது, பாலம் வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை, பிள்ளைத்தாச்சியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பாதைக்குக் காத்துக்கிடந்த ஊர் அது. ஊருக்கு வருகிற நன்மைக்குச் சிலர் மட்டும் தங்கள் வருமானத்தைக் கொடுக்க வேண்டி வரும்போது, அந்தச் சிலருக்கு ஊர், அதாவது அரசாங்கம், ஏதாவது திருப்பித் தர வேண்டாமா என்பதுதான் கேள்வி.

இப்போது என்ன செய்யலாம்? மூதூர்ப் பிரதேச செயலகத்தில் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார், மனிதவலு மற்றும் வேலைவாய்ப்புத் திணைக்களத்தின் ஆள். தனியாகப் போகாமல் பன்னிரண்டு பேரும் சேர்ந்து போங்கள். போவதற்கு முன் என்ன பயிற்சி வேண்டும் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் கேட்காமல் விட்டால் கிடைப்பது பெரும்பாலும் தையலும் கேக் அடிப்பதும்தான். ஒரே கிராமத்தில் இருபது பேருக்குத் தையல் படிப்பித்து இருபது மெசினும் மூலையில் கிடக்கிறதைப் பார்த்தவன் நான், ஒரு கிராமத்தில் எத்தனை சட்டைதான் தைக்க முடியும்? நெல் விதை உற்பத்தி, நாற்றுமேடை, சிறிய நடவு மெசின் ஓட்டுதல், அரிசி மாவும் வறுத்த மாவும் பொதி செய்து கடைகளுக்குப் போடுதல், இப்படி உங்களுக்குத் தெரிந்த வயலைச் சுற்றியே யோசியுங்கள். கமநல சேவை நிலையத்திலும் போய்ப் பேசுங்கள். வெட்டு மெசினைப் பெண் ஓட்டக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. உங்கள் பன்னிரண்டு பேரில் இருபத்தைந்து முப்பது வயதில் யாராவது இருந்தால், வாகனம் ஓட்டும் அனுமதிப்பத்திரம் எடுக்க வையுங்கள். யாராவது சிரிப்பார்கள். ஒரு போகம் சிரிப்பார்கள், அடுத்த போகம் வெட்டக் கூப்பிடுவார்கள்.

பயிற்சி நாட்களுக்குப் படிக்காசு கேட்க மறக்க வேண்டாம். அன்றாடக் கூலிக்காரிக்கு ஒரு நாள் வகுப்பு என்றால் ஒரு நாள் கூலி போனது. படி தர மாட்டோம் என்றால், வகுப்பை வேலை இல்லாத மாதங்களில், காலையில் மட்டும் வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நீங்கள் பயிற்சி பயிற்சி என்கிறீர்கள். பட்டதாரிகளே வேலை இல்லாமல் உண்ணாவிரதம் இருக்கிற நாடு இது. மறுபயிற்சிக்கு அரசாங்கம் பணம் ஒதுக்கினால் அது பயிற்சி நிலையம் நடத்துபவர்களின் பொக்கற்றுக்குத்தான் போகும். எங்கேயாவது இது சரிவந்திருக்கிறதா?
உப்புவெளி வாசகர்

பதில்: ஐயா, உங்கள் கோபம் நியாயம். பல இடங்களில் சரிவரவில்லை என்பதை மறைக்காமல் முதலில் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் 1962 இல், கென்னடி காலத்தில், இயந்திரங்களால் வேலை போகிறது என்ற பயத்திலேயே ஒரு பயிற்சிச் சட்டம் கொண்டுவந்தார்கள். சில வருடத்தில் பொருளாதாரம் சூடுபிடித்ததும் அந்தப் பணம் வேறு பக்கம், வேலை அனுபவமே இல்லாத வறிய இளைஞர்களுக்குத் திரும்பியது. அதே வருடம் தொடங்கிய இன்னொரு திட்டம் இறக்குமதியால் வேலை இழந்தவர்களுக்கு. மெசினால் இழந்தவருக்கு அதில் இடமே இருக்கவில்லை, வெளிநாட்டுப் போட்டியால்தான் வேலை போனது என்று காட்ட வேண்டியிருந்தது. அந்தத் திட்டத்தை 2012 இல் மதிப்பிட்டுப் பார்த்தபோது, அதில் சேர்ந்தவர்கள் நாலு வருடம் கழித்தும் சேராதவர்களைவிடக் குறைவாகவே சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். படிப்பில் இருந்த காலத்தில் மற்றவர்கள் ஏதோ ஒரு வேலையில் ஏறிவிட்டார்கள். இங்கிலாந்தில் 2000 இல் ஆளாளுக்குப் படிப்புக் கணக்கு என்று திறந்து, போலி நிலையங்கள் பணத்தைச் சுருட்டியதால் அடுத்த வருடமே மூடினார்கள். பிரான்சிலும் இதே மாதிரிக் கணக்கை வைத்துத் தொலைபேசி மோசடிக்காரர்கள் பிழைத்தார்கள். பக்கத்து இந்தியாவில் 1992 இல் தேசிய மறுசீரமைப்பு நிதி என்று தொழிலாளர்களை மறுபயிற்சி செய்யவென்றே தொடங்கினார்கள், பெரும்பகுதிப் பணம் பொதுத்துறை நிறுவனங்களின் சுய விருப்ப ஓய்வுக் கொடுப்பனவுக்கே போய்விட்டது. பயிற்சி என்று பெயர், ஆட்களை அனுப்புவதற்குப் பணம்.

நானும் இதற்குள் இருந்தவன். வேலை இழந்தவர்களுக்குக் கணினி வகுப்பு என்று ஒரு திட்டத்தில் படிப்பித்தேன், எந்த நிறுவனம் என்று இங்கே சொல்லவில்லை. முப்பது பேர். ஐம்பது வயது தாண்டிய மனிதர்கள் மவுசைப் பிடிக்கவே கை நடுங்க உட்கார்ந்திருந்தார்கள். மூன்று மாதம் முடிந்ததும் மேடை, மாலை, சான்றிதழ், படம். அவர்களில் ஒருவரையும் கணினி முன்னால் உட்கார வைத்துச் சம்பளம் கொடுக்க இந்த ஊரில் எந்த இடமும் தயாராக இருக்கவில்லை, அதை முதலில் யாரும் விசாரிக்கவும் இல்லை. ஒருவர் பிறகு சந்தையில் என்னைக் கண்டு, சேர், அந்த மூன்று மாதத்தில் நான் கடலுக்குப் போயிருக்கலாம் என்றார். இன்றுவரை எனக்கு அது ஆறவில்லை.

ஆனால் சரிவந்த இடங்களும் இருக்கின்றன, அவற்றைப் பார்த்தால் ஏன் சரிவந்தது என்பதும் தெரிகிறது. சுவீடனில் 1970களிலிருந்து முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் கூட்டு ஒப்பந்தம் செய்து, சம்பளத்தில் சிறு வீதத்தை முதலாளிகள் கட்டி, வேலை மாற்றச் சபைகள் என்று நடத்துகிறார்கள். ஆட்குறைப்பு அறிவித்தல் வந்ததுமே, ஆள் இன்னும் வேலையில் இருக்கும்போதே, ஒரு ஆலோசகர் வந்து உட்கார்ந்து உங்களுக்கு என்ன தெரியும், எங்கே ஆள் தேவை என்று பேசுகிறார். 2023 முதல் அரசாங்கமும் சேர்ந்து, வேலை மாறுவதற்காகப் படிக்கிறவர்களுக்குச் சம்பளத்தில் 80 வீதம் வரைக்கும், 44 கிழமை வரைக்கும் கொடுக்கிறது (சம்பளத்துக்கு ஒரு உச்சவரம்பு உண்டு). ஜேர்மனியில் 2019 சட்டத்தின்படி, தொழில்நுட்பத்தால் போகக்கூடிய வேலையில் இருப்பவரை வேலையில் வைத்துக்கொண்டே பழக்கினால் பயிற்சிச் செலவிலும் அந்தக் காலத்துச் சம்பளத்திலும் ஒரு பங்கை அரசு ஏற்கிறது.

துறைமுக ஊர்க்காரர்கள் நாம், ஆகவே இதையும் சொல்ல வேண்டும். 1960 இல் அமெரிக்க மேற்குக் கரைத் துறைமுகங்களில் கப்பல் கம்பனிகள் மெசின்களைக் கொண்டுவரப் பார்த்தபோது, ஹாரி பிரிட்ஜஸ் தலைமையிலான தொழிற்சங்கம் மெசினைத் தடுக்க முயலாமல், மெசினால் வருகிற லாபத்தில் பங்கு கேட்டது. கம்பனிகள் ஐந்தரை வருடத்தில் 2 கோடியே 90 இலட்சம் டொலர் ஒரு நிதிக்குக் கட்டின. நிரந்தரத் தொழிலாளரை வேலையிலிருந்து நிறுத்துவதில்லை என்ற உறுதி, வயது போனவர்களுக்கு முன்கூட்டிய ஓய்வுப் பணம், இரண்டும் கிடைத்தன. அந்த ஒப்பந்தத்தில் குறை இல்லை என்றில்லை, நிரந்தரம் ஆகாதவர்கள் வெளியே நின்றார்கள். ஆனாலும் மெசின் வருவதற்கு முன்பே பேசியதால்தான் அந்த அளவாவது கிடைத்தது.

என் கருத்தைக் கேட்டால், நம் நாட்டில் புதிதாகப் பயிற்சி நிலையம் கட்ட ஒரு சதமும் ஒதுக்க வேண்டாம். பணத்தை வேலை இழந்த ஆளின் கையில், படிக்கிற காலத்து மாதக் கொடுப்பனவாகக் கொடுங்கள். மலேசியா 2018 முதல் வேலைவாய்ப்புக் காப்பீடு என்று நடத்துகிறது. தொழிலாளி சம்பளத்தில் 0.2 வீதம், முதலாளி 0.2 வீதம். வேலை போனால் வேலை தேடுகிற காலத்துப் படி, பயிற்சிக் கட்டணம், பயிற்சிப் படி, எல்லாம் அதிலிருந்துதான். 60,000 ரூபா எடுக்கிறவருக்கு 0.2 வீதம் என்றால் மாதம் 120 ரூபா, ஒரு தேத்தண்ணியும் வடையும். நம் நாட்டு முதலாளிகள் ஏற்கனவே ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம் கட்டுகிறார்கள், வசூலிக்கிற அலுவலகமும் கணக்கும் 1981 இலிருந்தே ஓடிக்கொண்டிருக்கிறது. அதோடு இதையும் சேர்ப்பதற்கு வேண்டியது ஒரு சட்டத் திருத்தமும் கொஞ்சம் மனமும்தான். பயிற்சி நிலையத்துக்குக் கொடுக்கிற காசிலும் பாதியை, படித்தவர் ஆறு மாதம் ஒரு வேலையில் நின்ற பிறகு கொடுத்தால், மேடை மாலைக்காகப் பயிற்சி நடத்துகிறவர்கள் தாங்களாகவே ஒதுங்குவார்கள்.

கேள்வி: சேர், நான் ஏ.எல் படிக்கிறேன். ரோபோவுக்கு வரி போட்டு அந்தப் பணத்தில் தொழிலாளருக்குப் பயிற்சி கொடுக்கலாம் என்று பில் கேட்ஸ் சொன்னதாக வாசித்தேன். நம் நாட்டில் செய்யலாமா?
உவர்மலை மாணவி

பதில்: 2017 இல் அவர் அப்படிச் சொன்னார். அதே வருடம் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் அந்த யோசனை வந்து தோற்றது. தென்கொரியா மட்டும் தானியங்கி இயந்திரத்தில் முதலிடுவதற்குக் கொடுத்துவந்த வரிச் சலுகையைக் கொஞ்சம் குறைத்தது. எது ரோபோ, எது சாதாரண மெசின் என்று சட்டத்தில் எழுதுவது பெரிய தலையிடி, மகள். மூட்டை தைக்கிற மெசின் ரோபோவா? வெட்டு மெசின்? வங்கியில் காசு போடுகிற மெசின்? எனக்குக் கொரியாவின் வழிதான் பிடித்திருக்கிறது: புது வரி வேண்டாம், ஆட்களைக் குறைத்துவிட்டு மெசின் போடுகிறவருக்கு அரசாங்கம் சலுகையும் சேர்த்துக் கொடுக்க வேண்டாம். அல்லது கொடுப்பதென்றால், பழைய ஆட்களில் இத்தனை பேரை அந்த மெசினிலேயே பழக்கி வைத்திருக்கிறேன் என்று காட்டினால் கொடுக்கட்டும்.

கேள்வி: நான் மேன்பவர் ஏஜென்சி மூலம் ஒரு களஞ்சியத்தில் 3 வருடமாக வேலை. போர்க்லிப்டும் பார்கோட் மெசினும் வந்ததும் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று வட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினார்கள். எனக்கு வழி உண்டா?
பாலையூற்று வாசகர்

பதில்: உண்டு, நேரத்தை விடாதீர்கள். உங்கள் முதலாளி யார் என்பதை முதலில் பாருங்கள். சேமலாப நிதிக்கு யார் பெயரில் பணம் கட்டுப்பட்டது, சம்பளச் சிட்டையில் யார் பெயர்? ஏஜென்சி என்றால், அந்த ஏஜென்சியின் கீழ் 15 பேரோ அதற்கு மேலோ இருந்தால் 1971 சட்டம் அவர்களுக்கும் பொருந்தும், 'அந்தக் களஞ்சியத்தில் வேலை முடிந்தது' என்பது உங்களை நிறுத்துவதற்கு அனுமதி ஆகாது. வேலை நின்ற நாளிலிருந்து 6 மாதத்துக்குள் தொழில் ஆணையாளர் நாயகத்துக்கு முறைப்பாடு போக வேண்டும், வேலை வழக்குகளைக் கேட்கிற தொழில் நியாய சபைக்கும் அதே 6 மாதம்தான். வட்ஸ்அப் செய்தியை அழிக்காமல் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், போன் உடைந்தாலும் இருக்கட்டும்.

அத்தோடு, நீங்கள் மூன்று வருடம் களஞ்சியத்தில் நின்றவர், போர்க்லிப்ட் ஓட்டப் பழகுங்கள். உங்கள் வேலையை எடுத்த வண்டியை ஓட்டுவதா என்று முதலில் மனது சுணங்கும். துறைமுகப் பக்கம் அதற்கு ஆள் தேவை இருக்கிறது.

கேள்வி: மகனுக்கு 20 வயது. மெசின் பறிக்காத தொழில் ஒன்று சொல்லுங்கள்.
நிலாவெளித் தாய்

பதில்: அம்மா, அப்படி உறுதி சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் நம் பக்கத்தைச் சுற்றிப் பார்த்தால், ஹோட்டல்களின் ஏசியையும் குளிர் அறைகளையும் திருத்துபவர், மீன்பிடிப் போட்டுகளின் எஞ்சின் பார்ப்பவர், கூரையில் சோலர் பூட்டுபவர், இவர்கள் கையில் வேலை நிற்காமல் இருக்கிறது. சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின்நிலையத்துக்கு 2025 ஏப்ரலில் வேலை தொடங்கிவைத்தார்கள். அதற்கு உள்ளூர்ப் பிள்ளைகளைப் பழக்குங்கள் என்று மாவட்டச் செயலகத்திடம் இப்போதே கேட்க வேண்டும், கட்டி முடித்து வேலிக்குள் போன பிறகு காவலாளி வேலைதான் மிஞ்சும். மகனுக்கு எதில் கை போகிறது என்று அவனையும் கேளுங்கள்.

கேள்வி: தொழில் அலுவலகத்துக்குப் போனால் எங்களை மதிப்பார்களா? என்ன கொண்டுபோக வேண்டும்?
தம்பலகாமத்திலிருந்து, முதல் கேள்வி கேட்டவரின் மனைவி

பதில்: தங்கச்சி, கடிதம் தனியாக வந்தபோதே விளங்கிவிட்டது, வீட்டில் இரவில் யாரும் நித்திரை கொள்வதில்லை என்று. மதிப்பார்கள், அது அவர்களுடைய வேலை. அடையாள அட்டை, நியமனக் கடிதம் (இல்லாவிட்டால் சேமலாப நிதி இலக்கம் உள்ள ஏதாவது), கடைசி ஆறு மாதச் சம்பளச் சிட்டை, சேமலாப நிதிக் கூற்று, இப்போது கையெழுத்துக் கேட்கிற அந்தக் கடிதத்தின் பிரதி. பிரதி தர மறுத்தால், என்ன சொன்னார்கள், எந்தத் திகதி, யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று ஒரு தாளில் எழுதி இவரைக் கையெழுத்து வைக்கச் சொல்லுங்கள். ஒன்பது பேரும் ஒன்றாகப் போனால் நல்லது, நாலு பேர் வந்தாலும் போதும். முறைப்பாடு கொடுத்ததும் இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். நீங்களும் கூடப் போங்கள், இவர் கோபத்தில் பாதி விஷயத்தைச் சொல்லாமல் வந்துவிடுவார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.